ஜம்ப் ஸ்டார்ட்டர்: பெட்டியில் இருக்கும் எண்ணும் காருக்கு வேண்டிய எண்ணும்

காலை ஐந்தரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். ஊருக்குக் கிளம்பப் பைகளையெல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினேன். 'டக் டக் டக் டக்' என்று மரங்கொத்தி கொத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. செல்ஃப் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "இருங்க சார், எங்கிட்ட ஜம்ப் ஸ்டார்ட்டர் இருக்கு, ரெண்டாயிரம் ஆம்ப்ஸ்" என்று ஓடிப்போய், பேட்டரி இறங்கிய காரைக் கிளப்பிவிடுகிற ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்தார். செங்கல்லில் பாதி இருக்கும். பானட்டைத் தூக்கி, சிவப்பு கிளிப்பையும் கறுப்பு கிளிப்பையும் மாட்டினார். "இப்ப அடிங்க சார்." டக் டக் டக். பெட்டியின் வயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கண்ட பலன் அவ்வளவுதான். கடைசியில் வாட்ச்மேன், பால் போட வந்த தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "இருபதாயிரம் எம்.ஏ.எச். சார். ஃபோனை மூணு தரம் ஏத்துது. காரை ஒரே ஒரு தரம் கிளப்பாதா?"

நியாயமான கேள்விதான். நிறையப் பேர் இதே கணக்கைப் போட்டுத்தான் இந்தப் பெட்டியை வாங்குகிறார்கள். கணக்கு எங்கே பிசகுகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். பள்ளிக்கூட இயற்பியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

தேரைக் கிளப்புவதும் இழுப்பதும்

தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிலையில் நிற்கிற தேரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் முதல் அசைவுக்குப் பின்சக்கரத்தில் நெம்புதடி போட்டு உந்துவார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குப் பின்னால் புல்டோசரே நிற்கும். சக்கரம் உருளத் தொடங்கியபின் அந்த அளவு பலம் வேண்டியதில்லை.

கார் இன்ஜினும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் எரிபொருளை எரித்துத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். நின்றுவிட்ட இன்ஜினை யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கிற காற்றை அழுத்திக்கொண்டு, ஆறிப்போன ஆயிலின் பிசுபிசுப்பையும் மீறிச் சுற்ற வேண்டும். அந்தக் காலத்தில் முன்பக்கம் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். கம்பி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்த பிறகு அந்தத் தொல்லை மெல்ல ஒழிந்தது. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற பெயரில் பின்பாதி உதிர்ந்துபோய் 'செல்ஃப்' மட்டும் நம் ஊரில் நிலைத்துவிட்டது.

இந்த செல்ஃப் என்பது ஒரு சின்ன மோட்டார். ஒன்றிரண்டு நொடிதான் அதற்கு வேலை. ஆனால் அந்த ஒன்றிரண்டு நொடியில் சின்ன பெட்ரோல் கார்கூட 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுத்துவிடும். டீசல் இன்ஜினில் காற்றை இன்னும் இறுக்கமாக அழுத்த வேண்டியிருப்பதால் 300, 400 என்றும் போகும். ஒன்றரை டன் ஏ.சி. ஓடுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவையும் ஒரு சோடா பாட்டில் அளவே உள்ள மோட்டார் அந்த நேரத்தில் வாங்கிக்கொள்கிறது.

தொட்டியும் குழாயும்

மூன்று சொற்கள்தான் இங்கே எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். உயரம் கூடினால் தண்ணீர் அழுத்தமாக வரும். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்பது ஆம்பியர். இதைத்தான் கடைகளில் 'ஆம்ப்ஸ்' என்கிறார்கள். தொட்டியில் மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பது ஆம்பியர் அவர், சுருக்கமாக ஏ.எச். 35 ஏ.எச். பேட்டரி என்றால், ஏட்டளவில், ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் கொடுக்கும். ஏ.எச்.சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஃபோன் பெட்டிகளில் பார்க்கிற எம்.ஏ.எச்.

இப்போது ஒரு கணக்கு. செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டில் 150 ஆம்பியர், இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால் செலவாகிற சக்தி 3000 ஜூல். மின்சார மீட்டர் பாஷையில் சொன்னால் ஒரு வாட் அவர்கூட (வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வருகிற அளவு) இல்லை. உங்கள் கையில் இருக்கிற 5000 எம்.ஏ.எச். ஃபோன் பேட்டரியில் சுமார் 19 வாட் அவர் இருக்கிறது. அதாவது கணக்குப்படி காரை இருபது தடவை கிளப்பலாம்!

ஆனால் கிளப்ப முடியாது. ஃபோன் பேட்டரியால் அந்தச் சக்தியை அவ்வளவு வேகமாகக் கொட்ட முடியாது. கூரையில் தீப்பிடித்தால் சொட்டுகிற குழாயைத் திறந்துவிட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு குடம்தான் தண்ணீர் இருக்கிறது என்றாலும் குடத்தோடு கவிழ்ப்பார்கள். ஃபோனுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் சொட்டினால் போதும். செல்ஃபுக்குக் குடத்தைக் கவிழ்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: காரைக் கிளப்ப மொத்தச் சக்தி கொஞ்சம்தான் வேண்டும், ஆனால் அது ஒரே மூச்சில் வர வேண்டும். எம்.ஏ.எச். என்பது குடத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, கவிழ்க்கிற வேகத்தைச் சொல்லவில்லை.

பேட்டரி 'டவுன்' ஆவது எப்படி

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், ஈய டை ஆக்சைடு பூசிய தகடுகள், இடையில் நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறைக்கு 2.1 வோல்ட் சொச்சம். ஆறும் சேர்ந்து நிரம்பிய நிலையில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி.

மின்சாரம் வெளியே போகப் போகத் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படியும். திரும்ப சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுப்போகும். போர் தண்ணீர் ஓடுகிற குழாயில் உப்பு படிந்து உள்ளே பென்சில் அளவு ஓட்டைதான் மிஞ்சும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். தொட்டியில் தண்ணீர் இருக்கும், குழாயில் வராது. பேட்டரிக்குள் இப்படி மின்சாரத்தை மறிக்கிற இந்த அடைப்புக்கு உள்தடை என்று பெயர்.

அன்று ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கடைக்குப் போனேன். கடைக்காரர் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் டெர்மினலில் வைத்தார். 12.4. "பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "அண்ணே, இது சும்மா நிக்கறப்ப. இப்ப செல்ஃப் அடிங்க." அடித்தேன். எண் 8.4 வரை சரிந்து, இன்ஜின் முக்கி முனகி ஒருவழியாக எடுத்தது. "நல்ல பேட்டரின்னா அடிக்கிறப்ப பத்துக்குக் கீழ இறங்கக் கூடாதுண்ணே. இது நாலு வருஷம் ஓடியாச்சு, விட்ருங்க." அவர் சொன்ன பத்து என்பது தோராயமான கோடுதான். ஆனால் 8.4 எந்தக் கணக்கிலும் தேறாது.

நம் வெயிலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஓடினாலே பேட்டரி தன் கடனைத் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். குளிர் வந்தால் பேட்டரி செத்துப்போகும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். குளிர், பேட்டரியின் பலவீனத்தை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அரிக்கிற வேலையைச் செய்வது வெப்பம்.

இன்னொரு காரணம், வண்டியைச் சும்மா நிறுத்திவைப்பது. பூட்டி வைத்த காரிலும் அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். போகும். 35 ஏ.எச். பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். 2020 ஊரடங்கில் வாரக்கணக்காக நின்ற கார்கள் வரிசையாக மடங்கியது இதனால்தான். எந்நேரமும் விழித்திருக்கிற டேஷ் கேமரா பொருத்தியிருந்தால் இன்னும் சீக்கிரம். அன்று என் வண்டியில் இரவு முழுக்க எரிந்தது பிள்ளைகள் அணைக்காமல் விட்ட பின்சீட்டு விளக்கு. ஐந்து வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் நான்கு ஏ.எச்.தான். நல்ல பேட்டரி அதைப் பொருட்படுத்தாது. என்னுடையது கிழம்.

ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு என்ன வேலை

தேருக்கு நெம்புதடி போடுகிறவர் நான்கு வீதியும் கூடவே இழுத்துக்கொண்டு வருவதில்லை. ஜம்ப் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். உங்கள் பேட்டரிக்குப் பக்கத்தில் நின்று, செல்ஃப் எடுக்கிற இரண்டு நொடிக்குத் தோள் கொடுக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் செய்கிற கருவி, பொறுப்பை எடுத்துக்கொள்ளும். நம் மெக்கானிக்குகள் இதை டைனமோ என்றும் சொல்வார்கள்.

ஆகவே இது பேட்டரியை நிரப்புகிற கருவி அல்ல. நிரப்பவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் 20000 எம்.ஏ.எச். பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண், உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. பெருக்கினால் 74 வாட் அவர். காரின் 35 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 420 வாட் அவர். சொம்புத் தண்ணீரை ஊற்றி அண்டாவை நிரப்புகிற கதைதான்.

வண்டி எடுத்துவிட்டது, அரை மணி ஓட்டினால் பேட்டரி ஏறிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அடுத்த தடவை செல்ஃப் எடுக்கிற அளவுக்கு ஏறலாம். அடியோடு இறங்கிய பேட்டரி முழுதாக நிரம்ப வீட்டில் சார்ஜர் போட்டு இரவு முழுக்க விட வேண்டும், இல்லையென்றால் கடையில் கொடுத்து ஏற்ற வேண்டும்.

ஜம்ப் ஸ்டார்ட்டரால் ஒன்றும் ஆகாத சந்தர்ப்பங்களும் உண்டு. செல்ஃப் கிறுகிறுவென்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ: பெட்ரோல் வரவில்லை, பிளக் வேலை செய்யவில்லை, சாவியை வண்டி அடையாளம் காணவில்லை, இப்படி ஏதாவது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தாலோ கையால் ஆட்டினால் ஆடினாலோ, முதலில் அதைச் சுத்தம் செய்து முடுக்குங்கள். பாதித் தடவை கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். பேட்டரியின் ஓர் அறை உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால், எத்தனை பெரிய பெட்டியை மாட்டினாலும் செல்ஃபுக்குப் போக வேண்டியதில் பெரும்பகுதியை அந்தப் பேட்டரியே விழுங்கிவிடும்.

சுருக்கமாக: 'டக் டக் டக்' சத்தமும் மங்குகிற விளக்கும் இருந்தால் ஜம்ப் ஸ்டார்ட்டர் உதவும். கிளப்பிவிடும், நிரப்பாது.

இரண்டாயிரம் ஆம்ப்ஸ் எங்கிருந்து வருகிறது

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது 'பீக் ஆம்ப்ஸ்', உச்ச மின்னோட்டம். கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பாயக்கூடிய அதிகபட்சம் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். எத்தனை மில்லி நொடிக்கு, எத்தனை வோல்ட்டில் என்று கேட்டால் பதில் இருக்காது. இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரையும் கட்டுப்படுத்துகிற பொதுவான விதி இல்லை. அதனால் ஆளுக்கொரு எண் அச்சடிக்கிறார்கள்.

கார் பேட்டரிக்கு அப்படி அல்ல. சி.சி.ஏ. (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ், அதாவது குளிரில் கிளப்புகிற மின்னோட்டம்) என்று ஒரு எண் பெரும்பாலும் பேட்டரியின் மேலேயே இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 நொடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். குளிரும் நேரமும் வோல்ட்டும் சொல்லப்பட்டிருப்பதால் இரண்டு பேட்டரிகளை நேர்மையாக ஒப்பிட முடிகிறது. நம் ஊரில் மைனஸ் 18-க்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதுதான் இங்கே முக்கியம்.

பீக் ஆம்ப்ஸை நம்பலாமா என்று கடையில் நின்றபடியே சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. 12 வோல்ட் வருவதற்காகப் பெட்டிக்குள் பெரும்பாலும் மூன்று லித்தியம் செல்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருப்பார்கள். எம்.ஏ.எச். எண்ணை மட்டும் செல்களையெல்லாம் கூட்டிப் போடுவார்கள். ஆகவே மூன்றால் வகுங்கள். 20000 என்பது உண்மையில் 6.7 ஏ.எச். ஆகிறது. அதிலிருந்து 2000 ஆம்பியர் வர வேண்டுமானால், செல் தன் கொள்ளளவைப் போல் 300 மடங்கு வேகத்தில் கொட்ட வேண்டும். இந்த வேலைக்கென்றே செய்த தரமான செல்கள் பத்துக்கணக்கான மடங்கு கொட்டும். ஃபோன் பவர் பேங்க்கில் போடுகிற சாதா செல்கள் சில மடங்கோடு நின்றுவிடும். அன்றைய பெட்டிக்குள் எந்த ரகம் இருந்தது என்று நான் திறந்து பார்க்கவில்லை, ஆனால் டக் டக் சத்தமே பதில் சொல்லிவிட்டது.

பின்னே எதைப் பார்ப்பது? 'ஸ்டார்ட்டிங் கரண்ட்' அல்லது 'கிராங்கிங் கரண்ட்' என்று சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். உச்ச எண்ணில் பாதியோ அதற்கும் கீழோ இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். அது அச்சிடப்படவே இல்லையென்றால் நான் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுவேன். மூன்று நொடியில் எத்தனை ஜூல் தரும் என்று போடுகிற தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். மேலே நாம் போட்ட 3000 ஜூல் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால் எனக்கு அந்த எண் பிடிக்கும். வாட் அவர் எண்ணும் போட்டிருந்தால் நல்லது, அதில் மூன்றால் வகுக்கிற வித்தையெல்லாம் வேண்டாம்.

ஒரு பயம் பலருக்கு உண்டு: 1000 ஆம்பியர் பெட்டியை ஆல்டோவில் மாட்டினால் வண்டி எரிந்துவிடாதா? எரியாது. பெட்டி ஆம்பியரைத் திணிப்பதில்லை, செல்ஃப் தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்கிறது. ஏரித் தண்ணீர் முழுவதும் இருந்தாலும் உங்கள் வீட்டுக் குழாய் அளவுக்குத்தான் வரும். பொருந்த வேண்டியது வோல்ட். பெரிய லாரி, பஸ்ஸில் இருப்பது 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் பெட்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது.

எந்த வண்டிக்கு எவ்வளவு

நான் வைத்திருக்கிற கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் தாராளமாகவே வைத்தது. ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி சின்ன பெட்ரோல் வண்டிக்கு ஸ்டார்ட்டிங் கரண்ட் 200 ஆம்பியர். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செடானுக்கு 300. இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்ற டீசல் வண்டிக்கு 400-க்குக் குறையாமல். பைக்குக்கு இதில் எதுவும் போதும். வண்டிக்குத் தேவையானதைவிட ஒரு படி மேலே வாங்குங்கள், ஏனென்றால் மூன்று வருஷம் கழித்து அந்தப் பெட்டிக்கும் வயதாகியிருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் தீவிரமாக யோசிக்கலாம். அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, வாட்ச்மேனும் பால்காரத் தம்பியும் இருந்தாலும் பலன் இல்லை. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காமல் வண்டி ஊமையாக நிற்கும். கணினியை எழுப்புகிற அளவு மின்சாரம் கொடுத்தால் போதும் என்பதால் சின்னப் பெட்டியே சமாளிக்கும். எங்கே மாட்டுவது என்பதை மட்டும் வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். உயர் வோல்ட் ஓடுகிற ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது.

மேனுவல் கியர் வண்டி, சுற்றிலும் கார் வைத்திருக்கிற வீடுகள் என்றால் இந்தப் பெட்டியே வேண்டியதில்லை. தடிமனான செம்பு ஜம்ப் கேபிள் ஒன்று போதும். அதற்கு வயதாவதில்லை, சார்ஜ் போட வேண்டியதும் இல்லை.

லித்தியம், ஈயம், கபாசிட்டர்

இன்று கடையில் கிடைப்பதில் முக்கால்வாசி லித்தியம். கையடக்கம், எடை குறைவு. அதிலேயே மூன்று செல் வைத்த சாதாரண ரகம் ஒன்று, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிற வகையில் நான்கு செல் வைத்தது இன்னொன்று. பின்னது கொஞ்சம் கனம், விலையும் கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும். கிடைத்தால் அதை எடுங்கள்.

மெக்கானிக் கடைகளில் பார்க்கிற கைப்பிடி வைத்த கனமான பெட்டிக்குள் இருப்பது சீல் செய்த ஈய பேட்டரி. ஒர்க்‌ஷாப்புக்கும் டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கும் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

மூன்றாவது ரகத்துக்குள் பேட்டரியே கிடையாது, கபாசிட்டர்கள்தான் இருக்கும். உங்கள் காரின் சோர்ந்த பேட்டரியில் மிச்சம் மீதி இருப்பதைச் சில நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிச் சேர்த்து, ஒரே அடியாகத் திருப்பிக் கொட்டும். சொட்டுகிற குழாயில் குடத்தைப் பிடித்து வைத்துப் பிறகு கவிழ்ப்பதுதானே! வெப்பத்துக்கு லித்தியம் அளவு அஞ்சாது, ஆயுளும் நீளம். பேட்டரி அடியோடு காலி என்றால் வேறெங்கிருந்தாவது அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் குறை.

கிளிப்பையும் வயரையும் பாருங்கள்

வாங்குகிறவர்கள் டார்ச் இருக்கிறதா, டயருக்குக் காற்றடிக்குமா என்று பார்க்கிறார்களே தவிர வயரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. 200 ஆம்பியரும் அந்த வயர் வழியாகத்தான் போயாக வேண்டும். சுண்டுவிரல் தடிமனாவது இருக்கட்டும், நீளம் குறைவாக இருக்கட்டும். மெல்லிய வயர் மின்சாரத்தைச் சூடாக மாற்றி வீணடிக்கும். அன்று நான் தொட்ட வெதுவெதுப்பு அதுதான். கிளிப்பின் பற்கள் டெர்மினலை அழுத்தமாகக் கவ்வ வேண்டும். தகரத்துக்குச் செம்பு நிறம் பூசிய கிளிப்புகள் நிறைய வருகின்றன.

வயரின் நடுவில் ஒரு சின்ன டப்பா இருக்கும். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலோ, இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டாலோ, மின்சாரத்தை விடாமல் கத்துகிற காவல்காரன் அது. அது இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். அந்தக் காவல்காரனிடம் ஒரு சிக்கல் உண்டு: பேட்டரி ஒரேயடியாகக் காலியாக இருந்தால் பேட்டரியே மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு மின்சாரத்தைத் திறக்காது. அதற்காகத்தான் 'பூஸ்ட்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் காவல்காரன் ஒதுங்கிவிடுவான். அந்த நேரத்தில் மாற்றி மாட்டியிருந்தால் தடுக்க ஆளில்லை. பட்டனைத் தொடுமுன் சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று இரண்டு தரம் பாருங்கள்.

லித்தியம் செல்களுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். பெட்டியிலோ அட்டையிலோ அந்தக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

மாட்டுகிற வரிசை

ஏ.சி., விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். சிவப்பு கிளிப்பை பிளஸ் டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்பு கிளிப்பை, பெட்டியோடு வந்த கையேடு வேறு மாதிரி சொல்லாதபட்சத்தில், பேட்டரியிலிருந்து சற்றுத் தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. வயர் நடுவில் இருக்கிற டப்பாவில் பச்சை விளக்கு எரிந்ததும் செல்ஃப் அடியுங்கள், மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லையா, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வண்டி எடுத்துவிட்டால் சந்தோஷத்தில் பெட்டியை மறந்துவிடாமல் அரை நிமிடத்துக்குள் கழற்றுங்கள், முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. ஓடுகிற இன்ஜினில் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். மூன்று செல் லித்தியம் தாங்குவது 12.6. மாட்டியபடியே விட்டால் மின்சாரம் பின்னோக்கிப் பெட்டிக்குள் பாயும், தடுப்பு இல்லாத பெட்டியாக இருந்தால் அது ஆபத்து. கழற்ற வேண்டியது இந்தப் பெட்டியைத்தான். காரின் பேட்டரி டெர்மினலை இன்ஜின் ஓடும்போது கழற்றிப் பார்க்கிற பழைய மெக்கானிக் பழக்கம் இன்றைய வண்டிகளின் கணினியைப் பொசுக்கிவிடக்கூடும்.

பெட்டியை எங்கே வைப்பது

காருக்குத்தானே, காரிலேயே கிடக்கட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு, பின்கண்ணாடிப் பக்கமெல்லாம் 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் செல்லுக்கு அது அடுப்பு. சீக்கிரம் சாகும், சில சமயம் உப்பும். உப்பிய பெட்டியை ஒரு தரம்கூடப் பயன்படுத்தாமல் மின்கழிவு சேகரிக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். வெயில் காலத்தில் பெட்டி வீட்டுக்குள் இருக்கட்டும், நெடும்பயணத்துக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பாருங்கள். பயன்படுத்தாமல் கிடந்தாலும் தானாகவே இறங்கும்.

பயணத்தில் அதை டிக்கியில் போடாமல் முன்சீட்டுக்கு அடியில் வையுங்கள். பேட்டரி செத்துப்போன வண்டியில் ரிமோட் வேலை செய்யாது. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சின்ன இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறந்துவிடலாம். டிக்கி அப்படி இல்லை, பட்டனை அழுத்தினால் மின்சாரத்தில் திறக்கிற வண்டிகள்தான் இப்போது அதிகம். அது திறக்கப் பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற பெட்டியோ டிக்கிக்குள் இருக்கும்.